பழைய ஏஆர்ஜே, எல்இசட்ஹெச், ஏஸ் ஃபைல் திறக்கவில்லையா? எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

"ஃபைல் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டு என்னிடம் வரும் பழைய சுருக்க ஃபைல்களில் (பல ஃபைல்களை ஒன்றாக அடக்கிச் சின்னதாக்கியவை, ஆர்க்கைவ் என்பார்கள்; ஏஆர்ஜே, எல்இசட்ஹெச், ஏஸ் எல்லாம் அதன் வகைகள்) முக்கால்வாசி நல்லபடியாகத்தான் இருக்கின்றன. திறக்கப் பார்த்த மென்பொருளுக்கு அந்த வகை தெரியாமல் இருக்கும், இல்லையென்றால் ஃபைலின் மிச்சத் துண்டு வேறொரு ஃப்ளாப்பியில் கிடக்கும், அதுவும் இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்றெழுத்து (எக்ஸ்டென்ஷன்) தவறாக இருக்கும். தயவுசெய்து பிழைச் செய்தி வந்த உடனே எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கீழே சொல்லும் உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தவை. நண்பர் ஒருவரின் அப்பா 90களில் டிடிபி சென்டர் நடத்தியவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஒரு சிற்றிதழின் பல வருடத்து இதழ்கள் என்று எல்லாவற்றையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து, ஏஆர்ஜே கொண்டு சுருக்கி, ஃப்ளாப்பிகளில் துண்டு துண்டாகப் போட்டு வைத்திருந்தார். ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பிதான் அடங்கும் என்பதால் அன்றைக்கு அதுதான் வழி.

தொடங்கும் முன் ஒரு வேலை

ஃப்ளாப்பியின் மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போதுதான் கணினி அதில் எதையும் எழுத முடியாது. அப்புறம் உலோக மூடியை விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் பழுப்பு வட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சகஜம். அதை டிரைவில் போட்டால் பூஞ்சை அதன் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும், அதனால் அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை முதலில் முடியுங்கள். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் கை வையுங்கள். ஒரு ஃப்ளாப்பிக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

அறிகுறி: இரட்டை கிளிக் செய்தால் எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது

இது மிகச் சுலபமானது. 7-ஜிப் போடுங்கள். இகோர் பாவ்லோவ் 1999இல் தொடங்கி இன்றுவரை இலவசமாகத் தரும் மென்பொருள். ஜிப், ரார் மட்டுமல்லாமல் ஏஆர்ஜே, எல்இசட்ஹெச், கேப், யூனிக்ஸின் பழைய இசட் ஃபைல் எல்லாவற்றையும் இது திறக்கும். விண்டோஸ் 11இல் 2023இலிருந்து ரார், 7இசட் வகைகளைத் தானாகவே திறக்கும் வசதி வந்துவிட்டது, ஆனால் ஏஆர்ஜே அதில் கிடையாது.

எக்ஸ்டென்ஷனின் கடைசி எழுத்துக்குப் பதில் அடிக்கோடு இருந்தால் (விண்டோஸ் 3.1 காலத்து இன்ஸ்டால் ஃப்ளாப்பிகளில் நிறைய பார்க்கலாம்) அது மைக்ரோசாஃப்டின் தனிச் சுருக்கம். விண்டோஸில் இன்றும் இருக்கும் எக்ஸ்பாண்ட் கட்டளை அதைப் பிரித்துவிடும்; 7-ஜிப்பும் திறக்கும்.

7-ஜிப்புக்குத் தெரியாதவை ஏஸ், பழைய ஏஆர்சி, ஜூ, மேக்கின் ஸ்டஃப்இட். ஏஸ் விஷயம் தனி, கீழே சொல்கிறேன். மற்ற மூன்றுக்கும் மேக்கில் தி அன்ஆர்க்கைவர், லினக்ஸில் அதே மென்பொருளின் கட்டளை வடிவமான அன்ஆர் போதும். என் கணினியில் லினக்ஸ் இருப்பதே பாதிக்குப் பாதி இந்த ஒரு கட்டளைக்காகத்தான்.

அறிகுறி: "ஆர்க்கைவாகத் திறக்க முடியவில்லை" என்று 7-ஜிப் சொல்கிறது

இப்போது பெயரை மறந்துவிட்டு ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்பது யாரோ ஒருவர் வைத்த பெயர், அவ்வளவுதான். உண்மையான அடையாளம் ஃபைலின் தலையில் இருக்கும். ஹெச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலைத் திறந்தால் இடப்பக்கம் எண்களும் வலப்பக்கம் எழுத்துகளும் தெரியும். வலப்பக்கத்து முதல் வரியைப் பாருங்கள்.

பெரிய எழுத்தில் பி, கே என்று தொடங்கினால் ஜிப். அந்த இரண்டும் ஜிப் வகையை 1989இல் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகள். ரார் என்ற சொல்லும் ஒரு ஆச்சரியக்குறியும் இருந்தால் ரார். எம், எஸ், சி, எஃப் என்றால் கேப். மூன்றாவது இடத்தில் ஒரு சிறு கோடு, எல், ஹெச், ஒரு எண், மறுபடி கோடு என்று வந்தால் எல்இசட்ஹெச். ஏழு பைட் தள்ளி இரண்டு நட்சத்திரம், ஏஸ், இரண்டு நட்சத்திரம் என்றிருந்தால் ஏஸ். ஏஆர்ஜே மட்டும் எழுத்தாகத் தெரியாது, இடப்பக்கம் 60 என்ற எண்ணும் அடுத்து ஈ, ஏ என்ற இரண்டு எழுத்தும் இருக்கும்.

ஏஆர்சி என்ற எக்ஸ்டென்ஷனில் ஒரு குழப்பம் உண்டு. 1985இல் வந்த, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்து ஏஆர்சி ஒன்று, பல வருடம் கழித்து வந்த ஃப்ரீஆர்க் இன்னொன்று, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதல் பைட் 1ஏ என்றிருந்தால் பழையது, ஏஆர்சி என்று எழுத்தாகவே தெரிந்தால் ஃப்ரீஆர்க். முதலாவதை அன்ஆர் திறக்கும். இரண்டாவதற்கு ஃப்ரீஆர்க் அல்லது பீஜிப் வேண்டும்.

சில நேரம் தலையில் சுருக்க ஃபைலே இருக்காது. பழைய தளம் ஒன்றிலிருந்து இறக்கியதாக இருந்தால், கோணல் அடைப்புக்குறிக்குள் ஹெச்டிஎம்எல் என்ற சொல் தெரியலாம்: ஃபைல் அந்தத் தளத்தில் இல்லை, "பக்கம் கிடைக்கவில்லை" என்ற அறிவிப்புப் பக்கத்தைத்தான் நீங்கள் ஜிப் என்ற பெயரில் சேமித்திருக்கிறீர்கள். வேறு இடத்தில் தேடுங்கள். பிகின் என்ற சொல்லும் 644 என்ற எண்ணும் இருந்தால் அது மின்னஞ்சல் வழியாக அனுப்ப எழுத்தாக மாற்றிய யுயுஎன்கோட் ஃபைல், அதை முதலில் பழையபடி மாற்றினால் உள்ளே அசல் ஜிப் கிடைக்கும். முழுக்க 00 என்றே ஓடினால் மட்டும்தான் வருத்தமான செய்தி: அந்தக் காப்பியில் ஒன்றும் இல்லை. அப்போதும் மூல ஃப்ளாப்பியை வேறு டிரைவில் போட்டு இன்னொரு முறை காப்பி எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: பட்டியல் தெரிகிறது, ஆனால் "அடுத்த துண்டு எங்கே" என்று நிற்கிறது, அல்லது கடைசி ஃபைல் பாதியில் முடிகிறது

பிஸ்கட் டப்பாவில் அதிக நேரம் போனது இதில்தான். ஒரே தொகுப்பின் துண்டுகளுக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி பெயர் வைத்தது. ஏஆர்ஜே முதல் துண்டுக்கு ஏஆர்ஜே என்றும் அடுத்தவற்றுக்கு ஏ01, ஏ02 என்றும் வைக்கும். பழைய ரார் முதலாவதுக்கு ரார், அப்புறம் ஆர்00, ஆர்01. ஏஸ் என்றால் சி00, சி01. துண்டுகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில், ஒரே முதற்பெயரோடு இருக்க வேண்டும். முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும்.

டாஸ் காலத்து பிகேஜிப் (ஃபில் காட்ஸின் ஜிப் மென்பொருள்) ஃப்ளாப்பிகள்தான் ஆளைக் குழப்பும், ஏனென்றால் எல்லா ஃப்ளாப்பியிலும் ஃபைலின் பெயர் ஒன்றே. நண்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டு, "மாற்றவா?" என்று விண்டோஸ் கேட்கக் கேட்க "சரி" என்று அழுத்தியதில் கடைசி ஃப்ளாப்பியின் துண்டு மட்டும் மிஞ்சியது. ஃப்ளாப்பிகள் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். ஒரு ஃப்ளாப்பிக்கு ஒரு ஃபோல்டர் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். எந்த ஃப்ளாப்பி எத்தனையாவது என்று மேலே ஒட்டிய சீட்டு உதிர்ந்திருந்தாலும் கவலை வேண்டாம், ஃப்ளாப்பியின் வால்யூம் பெயரில் பிகேபேக் என்ற சொல்லும் வரிசை எண்ணும் இருக்கும். அந்த வரிசைப்படி முதல் துண்டுக்கு இசட்01, இரண்டாவதுக்கு இசட்02 என்று எக்ஸ்டென்ஷனை மாற்றி, கடைசித் துண்டை மட்டும் ஜிப் என்றே விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து அந்தக் கடைசித் துண்டை 7-ஜிப்பில் திறங்கள். ஜிப்பின் பொருளடக்கம் ஃபைலின் வாலில்தான் இருக்கிறது, அதனால்தான் கடைசித் துண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பல துண்டு ஏஆர்ஜேயை 7-ஜிப்பில் திறக்க முயல வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனி ஆர்க்கைவாகவே பார்க்கும், இரண்டு ஃப்ளாப்பிக்கு நடுவே உடைந்த ஃபைல் சேராது. இதற்கு ஏஆர்ஜேதான் வேண்டும்: லினக்ஸில் அதே பெயரில் திறமூல வடிவம் கிடைக்கிறது, விண்டோஸில் என்றால் டாஸ் நிரல்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் போட்டு அதற்குள் பழைய டாஸ் ஏஆர்ஜேயை ஓட்டலாம். எக்ஸ் என்ற கட்டளையோடு வி என்ற சுவிட்சையும் கொடுத்தால் ஒவ்வொரு துண்டாகத் தானே எடுத்துக்கொண்டு போகும். டாஸ்பாக்ஸில் போடும் ஃபோல்டர் பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

சரி, நடுவில் ஒரு ஃப்ளாப்பி தொலைந்தே போய்விட்டால்? எங்களுக்கு நான்காவது ஃப்ளாப்பி கிடைக்கவே இல்லை. நண்பர் மற்றவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டார், ஆனால் ஏஆர்ஜேயின் ஒவ்வொரு துண்டும் தனக்கென்று தலைப்பு வைத்திருக்கும் முழு ஆர்க்கைவ். அதற்குள் முழுதாக அடங்கிய ஃபைல்களை முந்தைய துண்டின் உதவி இல்லாமலே எடுக்கலாம். நான்காவது ஃப்ளாப்பியில் இருந்தவையும், அதன் இரண்டு ஓரங்களில் மூன்றிலிருந்து வழிந்து வந்ததும் ஐந்துக்கு வழிந்து போனதும்தான் போயின. ஒரு முழு இதழும் இன்னொன்றின் அட்டையும் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. ராரிலும் பெரும்பாலும் இப்படி மீட்கலாம், ஆனால் சாலிட் என்ற முறையில் சுருக்கியிருந்தால் தொலைந்த இடத்துக்குப் பின்னால் உள்ளது எதுவும் வராது, ஏனென்றால் அதில் ஒவ்வொரு ஃபைலும் முன்னால் இருப்பதை நம்பித்தான் சுருக்கப்பட்டிருக்கும்.

அறிகுறி: "சிஆர்சி எர்ரர்" அல்லது "டேட்டா எர்ரர்"

சுருக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு உள்ளே எழுதிவைப்பார்கள். விரித்தபின் மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, எண் ஒத்துவராவிட்டால் இந்தச் செய்தி. வழியில் எங்கோ குறைந்தது ஒரு பிட்டாவது மாறியிருக்கிறது என்று மட்டும்தான் இதற்குப் பொருள். எங்கே மாறியது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஃபைல் இருந்த ஃப்ளாப்பியையோ சிடியையோ இன்னொரு முறை காப்பி எடுத்து, இரண்டு காப்பியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வெவ்வேறாக இருந்தால் டிரைவ் தடுமாறுகிறது; வேறு கணினியின் டிரைவில் போடுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். இரண்டும் ஒன்றுபோலவே இருந்து, நல்ல நிலையில் இருக்கும் புது ஆர்க்கைவ்களிலும் அவ்வப்போது இதே பிழை வந்தால், உங்கள் கணினியின் ரேமைச் சந்தேகியுங்கள். ஆர்க்கைவில் உள்ள ஒவ்வொரு ஃபைலிலும் பிழை வந்தால், அந்தக் காலத்தில் எஃப்டிபி வழியாக டெக்ஸ்ட் முறையில் அனுப்பியிருக்கலாம்: வரிமுடிவு என்று நினைத்துச் சில பைட்டுகளை மாற்றியிருக்கும். அது பெரும்பாலும் மீளாது, மூலப்பிரதியைத்தான் தேட வேண்டும்.

டிஸ்க்கே பழுது என்று உறுதியானால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. சாதாரணக் காப்பி ஒரு பழுதான இடத்தில் முட்டியதும் நின்றுவிடும், ஆனால் இது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, அப்புறம் விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். எது வந்தது எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துவைக்கும், அதே மேப் ஃபைலைக் கொடுத்து சிடியை வேறு டிரைவில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நண்பரின் சிடி ஒன்றை இப்படி மூன்று டிரைவுகளில் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒன்று விட்டதை இன்னொன்று படித்தது, இரவு பதினொன்றரைக்கு மிச்சம் பூஜ்யம் என்று திரையில் வந்தபோது அவர் அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார்.

அப்படியும் தேறாவிட்டால், பிரித்தெடுக்கும்போது வின்ராரில் "சிதைந்த ஃபைல்களை வைத்திரு" என்ற பொருளில் இருக்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். வழக்கமாகப் பிழை வந்த ஃபைலை அது அழித்துவிடும். டிக் செய்தால் வந்தவரை கொடுக்கும். வெறும் எழுத்து ஃபைல் என்றால் பழுதான இடம் வரைக்கும் அருமையாகப் படிக்கலாம். பேஜ்மேக்கர் மாதிரி ஃபைல்கள் பாதியாக வந்தால் திறக்காது, ஆனாலும் ஹெக்ஸ் எடிட்டரில் உள்ளிருக்கும் வாக்கியங்கள் தெரியலாம். ரார் என்றால் வின்ராரின் ரிப்பேர் வசதியையும் பாருங்கள். சுருக்கியவர் ரெக்கவரி ரெக்கார்டு (பழுதைச் சரிசெய்ய உதவும் கூடுதல் தகவல்) சேர்த்திருந்து, பழுதும் சிறிதாக இருந்தால் முழுதாகவே மீளலாம்.

அறிகுறி: ஜிப் திறக்கிறது, "ஆதரிக்கப்படாத சுருக்க முறை" என்கிறது

1993க்கு முந்தைய பிகேஜிப் ஃபைலாக இருக்கலாம். இன்று எல்லா ஜிப்பிலும் இருக்கும் டிஃப்ளேட் முறை பிகேஜிப் 2 வரிசையோடு பரவியது, அதற்கு முன் ஷ்ரிங்க், ரெட்யூஸ், இம்ப்ளோட் என்ற முறைகள் இருந்தன. விண்டோஸின் சொந்த ஜிப் வசதி மறுத்தால் 7-ஜிப், அதுவும் மறுத்தால் டாஸ்பாக்ஸுக்குள் பழைய பிகேஅன்ஜிப் 2.04ஜி. அது இந்தப் பழைய முறைகளைத் திறக்கும்.

இதன் தலைகீழ் அறிகுறியும் உண்டு: புது ரார், பழைய கணினி. 2013இல் வின்ரார் 5 வந்தபோது ரார் வகையே மாறிவிட்டது. இன்னும் பல ஜெராக்ஸ் கடைக் கணினிகளில் இருக்கும் 2010ஆம் வருடத்து 7-ஜிப் 9.20 அதைத் திறக்காது. மென்பொருளைப் புதுப்பித்தால் தீர்ந்தது.

அறிகுறி: தானே விரியும் எக்ஸி ஃபைல் ஓடவில்லை

16-பிட் டாஸ் நிரல்களை 64-பிட் விண்டோஸ் ஓட்டாது. ஓட்டவும் வேண்டாம், பழைய ஃப்ளாப்பியில் வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். வலது கிளிக் செய்து 7-ஜிப்பில் ஆர்க்கைவாகத் திறங்கள். நிரலின் உள்ளுறுப்புகளைப் போல ஏதோ காட்டினால், திறக்கும் மெனுவில் # என்ற தேர்வை எடுங்கள், எக்ஸிக்குள் ஒளிந்திருக்கும் ஆர்க்கைவைத் தேடிக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் டாஸ்பாக்ஸ்.

அறிகுறி: முன்பெல்லாம் வின்ரார் ஏஸ் ஃபைலைத் திறந்தது, இப்போது திறக்கவில்லை

வேண்டுமென்றேதான் எடுத்தார்கள், சரியான முடிவு. ஏஸைத் திறக்க வின்ரார் பயன்படுத்திய டிஎல்எல் (துணை நிரல் ஃபைல்) 2005க்குப் பிறகு மாற்றப்படாதது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள்: நீங்கள் ஒரு ஃபோல்டரில் பிரித்தெடுத்தால், அது ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் (கணினியில் நுழைந்ததும் தானாக ஓடுபவை இருக்கும் இடம்) கள்ளத்தனமாக ஒரு ஃபைலைப் போட்டுவிட முடியும். ரார் என்று பெயர் மாற்றிய ஏஸ் ஃபைலிலும் இது வேலை செய்தது. அந்த டிஎல்எல்லின் மூலநிரல் வின்ராரிடம் இல்லாததால் 5.70 பதிப்பில் ஏஸையே நீக்கிவிட்டார்கள். அதனால் "பழைய வின்ரார் போட்டுக்கோ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பைத்தானில் எழுதிய ஏஸ்ஃபைல் என்ற கருவி அந்த டிஎல்எல்லைத் தொடாமலே திறக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எல்லாம் வந்துவிட்டது, திறந்தால் ஒரே கிறுக்கல்

பிரித்தெடுத்தது சரியாகத்தான் இருக்கிறது, பிரச்சினை எழுத்துருவில். யூனிகோட் பரவும் முன் தமிழ் ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. பாமினியில் எழுதிய ஃபைலை நோட்பேடில் திறந்தால் "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஒரு அரைப்புள்ளி தெரியும். டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறை என்றால் அதே சொல் முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யு என்று தெரியும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பார்த்த உடனே வகை பிடிபடும். தமிழ்நாட்டு அரசு ஃபைல் என்றால் 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு வந்த டாப், டாம் வகைகளையும் பாருங்கள்.

என்ஹெச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் மாதிரி மாற்றிகளில் வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் யூனிகோடாக மாறிவிடும். முதலில் ஒரே ஒரு பத்தியை மாற்றிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் வகை தவறு. நோட்பேடில் திறந்து அங்கேயே சேமித்துவிடாதீர்கள், சில பைட்டுகள் அதிலேயே தொலைந்துபோகும், மாற்றிக்கு அசல் ஃபைலையே கொடுங்கள்.

பேஜ்மேக்கர் ஃபைல் என்றால் அந்த எழுத்துருவும் வேண்டும். நல்லவேளையாக டிடிபி செய்தவர்கள் பலரும் எழுத்துருக்களையும் சேர்த்தே சுருக்கி வைத்திருப்பார்கள்: டிடிஎஃப் என்று முடிவதைத் தேடுங்கள். எங்கள் டப்பாவில் அது ஒன்பதாவது ஃப்ளாப்பியில் இருந்தது, மேலே சீட்டில் பென்சிலால் "ஃபாண்ட், அழிக்காதே" என்று எழுதியிருந்தது.